ஆள் உயர மெழுகுவர்த்தி

ஜூலை 9, ஞாயிறு

கடைவீதியில் மூன்று கிலோ பாரபின் மெழுகு வாங்கி வந்தேன். வெள்ளைப் பாளம், கையில் எடுத்தால் சலவை சோப்புக் கட்டி மாதிரி வழுக்குகிறது. வீட்டில் தொழில் ஆரம்பிக்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் ஸ்டூலைப் போட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்.

உண்மை இதுதான். வேளாங்கண்ணி மாதாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேன். என் மகன் பெனிக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தான். பிள்ளை பிழைத்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியை என் கையாலேயே செய்து ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஆள் உயர மெழுகுவர்த்தி அங்கே எல்லோரும் கொடுப்பதுதான், கடையிலேயே விற்கிறது. 'என் கையாலேயே' என்று நான்தான் சேர்த்துக்கொண்டேன். எதையும் சுலபமாகச் செய்துவிட்டால் எனக்குப் பிடிக்காது.

பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் சுவரோடு நிற்கவைத்து நூல் பிடித்து அளந்தும் வைத்தேன். அப்புறம் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போய்விட்டது.

இப்போது அவனுக்குப் பத்தொன்பது. செப்டம்பர் பத்தாம் தேதி மஸ்கட்டுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலைக்குப் போகிறான். மூன்று வருஷ ஒப்பந்தம். அவன் அத்தை பிலோமினா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தபோது சொன்னார். கோயம்புத்தூரில் அப்பாவோடு இருக்கும் பிள்ளையைப் பற்றி எனக்குச் செய்தி கிடைக்கிற இடம் காய்கறி மார்க்கெட்தான்.

ஆகவே மெழுகுவர்த்தி. பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி லேப்பில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளராக இருப்பவளுக்கு இது பெரிய காரியம் இல்லை. யாரோ ஒரு மாணவன் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டில் முக்கால்வாசி வெற்றுத்தாள். அதில் எழுதுகிறேன்.

ஜூலை 10, திங்கள்

ஸ்டியரிக் அமிலம் கால் கிலோ. மெழுகு கெட்டியாக நிற்கவும், அச்சை விட்டுச் சுலபமாகக் கழன்று வரவும் இது பத்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். லேப் அலமாரியில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்று இருக்கிறது. தொடவில்லை. வெளியில் வாங்கினேன்.

ஜூலை 16, ஞாயிறு

செய்முறை: பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வேண்டும். அதற்குள் சின்னப் பாத்திரம், அதில் மெழுகு. நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். அறுபது டிகிரியில் உருகிவிடுகிறது. எழுபத்தைந்தில் ஊற்றினேன். அதற்கு மேல் சூடானால் புகையும், மணமும் கெட்டுவிடும்.

திரிக்குப் பருத்தி நூல். மூன்று இழையாகப் பின்னி, உப்பும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவைத்தேன். அப்படிச் செய்தால் திரி எரிந்தபின் கரி தொங்காது. பிறகு அதை மெழுகில் முக்கி, இழுத்துப் பிடித்து விறைப்பாக்க வேண்டும்.

முதலில் பழகுவதற்காக ஆறு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிப் பார்த்தேன். அதற்குள் மாடியிலிருந்து செங்கோல் மேரி இறங்கி வந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர். எனக்கு எட்டு வருஷம் மூத்தவர். மூக்கு மட்டும் எண்பது வருஷ அனுபவம் உள்ளது போல. என்ன கருகுகிறது என்றார். ஒன்றும் கருகவில்லை என்றேன். வீட்டைக் கொளுத்தப் போகிறாயா என்றார். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கொளுத்துவேன் என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இரண்டு டம்ளர்களுக்குத் திரி பிடித்துக் கொடுத்தார்.

ஜூலை 17, திங்கள்

ஆறு டம்ளரிலும் நடுவில் பள்ளம். மெழுகு ஆறும்போது சுருங்குகிறது, இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். மேலே இன்னொரு தடவை ஊற்றி நிரப்பினேன்.

மெழுகில் ஒரு நல்ல குணம். எத்தனை தடவை கெடுத்தாலும் மறுபடி உருக்கிக்கொள்ளலாம்.

ஜூலை 23, ஞாயிறு

பைபிளுக்குள் பழைய நூல் இருந்தது. வெள்ளை நூல், பழுத்துவிட்டது. இரண்டு முனையிலும் முடிச்சு. அளந்து பார்த்தேன்: 117 செ.மீ. அன்று நான் முடிச்சுப் போடும்போது பெனி கூசுகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆடாதேடா என்று அதட்டினேன்.

செங்கோல் மேரிக்கு ஒரே கட்சி. வேண்டிக்கொண்ட அன்றைக்கு என்ன உயரமோ அந்த உயரத்துக்குச் செய்தால் போதும், நூல்தான் கையில் இருக்கிறதே, நாலடிக்குள் முடிந்துவிடும் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. செலுத்துகிற அன்றைக்கு ஆள் என்ன உயரமோ அதுதானே ஆள் உயரம்? ஏழு வயசுப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான்? பங்குச் சாமியாரிடம் கேட்டோம். மாதா கையில் டேப் வைத்துக்கொண்டு நிற்கவில்லை அம்மா, மனசு போல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர்களை நம்பி எதையும் கேட்கக்கூடாது.

இன்றைய உயரம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். இது முறை பற்றிய விஷயம். வேறு ஒன்றும் இல்லை.

"அப்ப அவன் உயரத்தை யார்கிட்ட கேப்பே?" என்றார் செங்கோல் மேரி.

"பிலோமினா அண்ணிகிட்ட."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். என்னத்தைப் பார்த்தாரோ.

ஜூலை 26, புதன்

பிலோமினா அண்ணிக்குப் போன் செய்தேன். பெனியின் அப்பா ராயப்பனின் அக்கா. விவாகரத்து வழக்கு நடந்த இரண்டு வருஷமும் என்னோடு பேசினவர் அந்தக் குடும்பத்தில் இவர் ஒருவர்தான். காரணத்தைச் சொன்னேன். அஞ்சே முக்கால் அடி இருப்பான் என்றார். 'இருப்பான்' என்பது அளவு இல்லை, சென்டிமீட்டரில் வேண்டும், செருப்பு இல்லாமல் என்றேன். நீயே அவனுக்குப் போன் பண்ணிக் கேளேன், நம்பர் தருகிறேன் என்றார்.

நம்பர் என்னிடம் இருக்கிறது. ஐந்து வருஷமாக இருக்கிறது. அவன் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவனும் அப்படியே இருந்திருப்பான், என் பிள்ளைதானே.

நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

ஹார்டுவேர் கடையில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய், ஆறடி. அடைப்புக்கு ரப்பர் கார்க். கார்க்கின் நடுவில் ஓட்டை போட்டுத் திரியை இழுத்து முடிச்சுப் போட்டேன். மேலே ஒரு குச்சி வைத்துத் திரியை நடுவில் நிறுத்தினேன். குழாயை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டி, ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊற்றினேன்.

அளவு வராததால் உத்தேசமாக நூற்றைம்பத்தொன்று வைத்தேன். பள்ளி மருத்துவ அட்டையில் அவனுடைய கடைசி உயரம் அதுதான். ஒன்பதாம் வகுப்பு, ஜூன் மாதம்.

ஜூலை 31, திங்கள்

கழலவில்லை. இழுத்தேன், தட்டினேன், வெந்நீர் ஊற்றினேன். கடைசியில் குழாயை அறுத்துத்தான் எடுத்தேன். உள்ளே தேங்காய் எண்ணெய் தடவியிருக்க வேண்டும். இட்லித் தட்டுக்குத் தடவத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

ஆகஸ்டு 6, ஞாயிறு

புதுக் குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கோடு போல அறுத்து வாங்கினேன். பிரித்து எடுக்க வசதி. அறுத்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ஊற்றிய ஐந்தாவது நிமிஷம் சூட்டில் டேப் இளகி, மெழுகு தரையெல்லாம் ஓடியது. செங்கோல் மேரி மைதா மாவைப் பிசைந்துகொண்டு வந்து விரிசல் முழுக்க அப்பினார். நின்றுவிட்டது. லேப்பில் இருபத்திரண்டு வருஷம் இருந்தது நான்.

தரையைத் தோசைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் ஆனது. அப்போது செங்கோல் மேரி, பெனியை நீ கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ராயப்பனின் சித்தப்பா அடக்கத்தில். கல்லறையில் எனக்கு முன்னால் நாலு வரிசை தள்ளி நின்றான். முதுகைத்தான் பார்த்தேன். அப்பாவின் காது மட்டத்துக்கு இருந்தான். திரும்புவான் என்று நினைத்தேன். திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிலோமினாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதினொரு நாள்.

ஆகஸ்டு 11, வெள்ளி

கூரியர் வந்தது. அனுப்பியவர்: ஆர். பெனிட்டோ, கோயம்புத்தூர். உள்ளே கடிதம் இல்லை. சுருட்டிய ஒரு நூல். இரண்டு முனையிலும் முடிச்சு.

ஆகஸ்டு 13, ஞாயிறு

நூலை மேஜைமேல் நீட்டி, இழுக்காமல் அளந்தேன். 171 செ.மீ. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் 171.

தையல் கடை நைலான் நூல். திரிக்கு உதவாது, உருகிவிடும். எல்லாம் படித்த பையன், இதை யோசிக்க வேண்டாமா? ஆனால் நூலில் அளந்தது ஞாபகம் வைத்திருக்கிறான். சென்டிமீட்டரில் கேட்டேன், நூலை அனுப்பியிருக்கிறான். நான் அழவில்லை என்று எழுதினால் பொய். அழுதேன். பிறகு பாத்திரம் விளக்கினேன்.

ஏன் அவன் அப்பாவோடு போனான் என்று ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராயப்பனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல், நான் வேலையை விடமாட்டேன் என்றேன், அதில் வளர்ந்த சண்டை. அதெல்லாம் எங்கள் இரண்டு பேர் விஷயம். கோர்ட்டில் யாரோடு இருக்கிறாய் என்று கேட்டபோது பெனி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதற்குக் காரணம் வேறு. எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பை லேப்புக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நாற்பது பையன்கள். பள்ளியில் எல்லோருக்கும் நான் 'லேப் அக்கா'. வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவார். நான் மேஜை மேஜையாக ஸ்பிரிட் விளக்கு வைத்துக்கொண்டு வந்தேன். அவன் கையைத் தூக்கி, "அக்கா, எங்க டேபிளுக்கு விளக்கு வரலை" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேற்று ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். லேப்பில் கண்ணாடி கழுவுகிறவள் தன் அம்மா என்று சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். விளக்கை மேஜைமேல் வைத்தேன். பளாரென்று ஒன்று விட்டேன். நாற்பது பேர் முன்னால்.

அன்றிலிருந்து அவன் என்னை அக்கா என்றும் கூப்பிடவில்லை, அம்மா என்றும் கூப்பிடவில்லை. நாலு மாசம் ஒரே வீட்டில் இருந்தோம். "சாப்பாடு எடுத்து வைக்கவா" என்று கேட்டால் தலையை ஆட்டுவான். பிறகு கோர்ட்.

ஆகஸ்டு 15, செவ்வாய்

காலையில் மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை, பள்ளியில் கொடியேற்றம். இரண்டுக்கும் போய்விட்டு வந்து 171-க்கு ஊற்றினேன். எண்ணெய் தடவினேன், மைதா அப்பினேன். பாத்திரம் சின்னது, நாலு தடவையாக ஊற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நன்றாக ஆறட்டும் என்று விட்டு ஊற்றினேன்.

ஆகஸ்டு 16, புதன்

பிரித்தேன். அழகாகக் கழன்று வந்தது. கையில் தூக்கினேன். மூன்று துண்டாகிவிட்டது. ஆறிப்போன மெழுகின்மேல் சூடாக ஊற்றினால் இரண்டும் சேராது. கீழே இருப்பது ஆறுவதற்கு முன், பாலின்மேல் ஆடை கட்டுவதுபோல் மேலாக மட்டும் இறுகும் நேரத்தில், அடுத்ததை ஊற்றிவிட வேண்டும். காத்திருந்ததுதான் தப்பு.

ஆகஸ்டு 20, ஞாயிறு

மறுபடி. இந்தத் தடவை சேர்ந்துவிட்டது. ஆனால் சுவரில் சாய்த்து வைத்ததில் மத்தியான வெயிலுக்கு வில்லாக வளைந்துவிட்டது. சாய்க்கக் கூடாது, ரீப்பர் கட்டையோடு சேர்த்துக் கட்டி, ஈரத்துணி சுற்றி, நேராக நிற்கவைக்க வேண்டும். இன்னொரு தடவை உருக்குவதுதான். செங்கோல் மேரி, வளைந்தால் என்ன, பையன் கூன் போட்டு நின்றான் என்று மாதா நினைத்துக்கொள்வார் என்கிறார்.

ஆகஸ்டு 24, வியாழன்

பிலோமினா போன் செய்தார். செப்டம்பர் இரண்டாம் தேதி பெனி திருச்சிக்கு வருகிறான், பொன்மலையில் தன் வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொண்டு போகிறான். "நீ வாயேன், ஜெசிந்தா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்டு 27, ஞாயிறு

இன்று செய்ததுதான் சரி. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

புதுப் பருத்தி நூலில் மூன்று இழை எடுத்துக்கொண்டேன். அதில் ஓர் இழைக்குப் பதிலாகக் கீழேயிருந்து 117 செ.மீ. வரை அந்தப் பழைய நூலை வைத்துப் பின்னினேன். அது முடிகிற இடத்தில் புது இழையை முடிச்சுப் போட்டுத் தொடர்ந்தேன். ஏழு வயசும் உள்ளே இருக்கிறது, பத்தொன்பதும் இருக்கிறது. முறை பற்றிய சண்டை தீர்ந்தது. செங்கோல் மேரியிடம் காட்டினேன். திரியைத் தடவிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்.

இரண்டு அடுப்பிலும் மெழுகு வைத்தோம். நான் ஸ்டூல்மேல், அவர் கீழே பாத்திரம் எடுத்துக் கொடுக்க. எழுபத்தைந்து டிகிரி. ஆடை கட்டும்போது அடுத்தது. நடு நடுவே குழாயைத் தட்டிக்கொடுத்தோம், காற்று நிற்காமல் இருக்க. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரித்தேன். வளைவு இல்லை, வெடிப்பு இல்லை. நூலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். 171, மயிரிழை பிசகவில்லை.

மேலேயிருந்து இருபது செ.மீ.க்கு என் விரல் தானாகப் போனது. 151-லிருந்து 171. அந்த இருபதும் நான் பார்க்காமல் வளர்ந்தது. ஏற்றும்போது அதுதான் முதலில் எரியும்.

சரி, இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு எழுதாமல் விட்டதை.

அவனை அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று, கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து நான்தான் சொன்னேன். "இந்த கேட்டுக்குள்ள நான் உனக்கு அம்மா இல்லை. எல்லாப் பிள்ளைங்களும் எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படித்தான் கூப்பிடணும். சலுகை எதிர்பார்க்காதே." ஊழியரின் பிள்ளை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். பதினொரு வயசுப் பிள்ளை சரி என்று தலையாட்டினான். மூன்று வருஷம் எனக்கு அருகில்கூட வராமல் இருந்தான். அன்று லேப்பில் என்னைக் கூப்பிட வேண்டி வந்தபோது, நான் சொல்லிக்கொடுத்தபடி கூப்பிட்டான்.

அடித்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து வருஷமும் ஞாபகம் இருக்கிறது. தப்பு என் பேரில்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தேன். என்ன நியாயம் இது?

செப்டம்பர் 2, சனி

பொன்மலைக்குப் போகப் புடவை மாற்றினேன். பஸ் ஸ்டாப் வரை போனேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக் காலை வேளாங்கண்ணி. தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று செங்கோல் மேரி கூட வருவதாக ஏற்பாடு.

செப்டம்பர் 4, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் காரணம் இல்லாமல் போட்ட முதல் லீவு.

காலை ஐந்தரைக்குக் கதவு தட்டினார்கள். செங்கோல் மேரி என்று நினைத்துத் திறந்தேன். பெனி நின்றான். கையில் ஹெல்மெட். மீசை இருக்கிறது. முகம் என் அப்பா முகம், அது எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"மெழுகுவர்த்தி தூக்க ஆள் வேணும்னு மாடி வீட்டு ஆன்ட்டி போன் பண்ணாங்க" என்றான்.

செங்கோல் மேரிக்கு அவன் நம்பர் எப்படிக் கிடைத்தது, பிலோமினாவைப் பிடித்தாரா என்றெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். வா என்றேன். காபி போட்டேன். சர்க்கரை இரண்டு ஸ்பூனா என்று கேட்டேன். இப்போது சர்க்கரை போடுவதில்லை என்றான்.

மெழுகுவர்த்தி கூடத்து மூலையில் கட்டையோடு நின்றது. ஈரத்துணியை அவிழ்த்தேன். சுற்றி வந்து பார்த்தான். விரலால் தட்டிப் பார்த்தான், ஏ.சி. மெக்கானிக் பார்வை. "இதுல ஒரு ஜாயின்ட்கூடத் தெரியலையே" என்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றான்.

அவன் உச்சந்தலை மெழுகுவர்த்தியைவிட மேலே இருந்தது. இரண்டு விரல்கடை.

எனக்கு உயிரே போய்விட்டது. நான் அளந்தது தப்பா, மெழுகு சுருங்கியதா என்று நூலை எடுக்க ஓடினேன். நூல் சரியாக இருந்தது. மெழுகுவர்த்தியும் நூலும் ஒன்றுதான். "நீ எப்படி அளந்தே?" என்று கேட்டேன். நூல் முனையைக் குதிகாலுக்குக் கீழே வைத்து மிதித்துக்கொண்டு, மறுமுனையைத் தானே தலைக்குமேல் கையால் பிடித்ததாகச் சொன்னான்.

தானே அளந்தால் அப்படித்தான் வரும். நூலைப் பார்க்கத் தலையைக் குனிவோம். தலைக்குமேல் கை வைத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த வீட்டில் அதற்கு ஓர் ஆள் இல்லை. அல்லது இருந்தும் அவன் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தான். சட்டென்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மெழுகுவர்த்தி மட்டத்துக்கு இறங்கி நின்றான். "இப்ப சரியா இருக்கு பாருங்க" என்றான்.

"நேரா நில்லுடா" என்றேன்.

நின்றான். சுவர்ப் பக்கம் நகர்த்தினேன். எக்கி, வலது கையை அவன் தலைமேல் தட்டையாக வைத்தேன். அதே கைதான். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இடது கையில் இருந்த பென்சிலால் சுவரில் கோடு போட்டேன், வலது கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னபடிதான் நீ கூப்பிட்டே. தப்பு என்னுது, பெனி."

கண்ணைத் திறக்காமலே, "தெரியும்" என்றான். பிறகு, "நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

என் பிள்ளைதான்.

கோட்டை டேப் வைத்து அளந்தேன். மெழுகுவர்த்தி மூன்று செ.மீ. குறைவாக இருக்கிறதே என்று நான் புலம்ப ஆரம்பித்தேன். மறுபடி ஊற்ற நேரமில்லை. தான் அனுப்பின நூலுக்கு இது சரியாக இருக்கிறதில்லையா, இதைக் கொண்டுபோகலாம், லீவுக்கு வரும்போது சரியான அளவில் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்றான். கீழே இறங்கி வந்த செங்கோல் மேரி, தனக்கு முட்டிவலி, பஸ்ஸில் வரமுடியாது என்றார். அந்த முட்டி முந்தின நாள்வரை நன்றாகத்தான் இருந்தது.

திருவிழாக் கூட்டம். பஸ்ஸில் இடம் கிடைத்ததே பெரிது. எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிட்டு, அவன் தஞ்சாவூர் வரை மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். நான் தண்ணீர் பாட்டிலால் துணியை நனைத்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். தஞ்சாவூர் தாண்டியதும் ஒரு பெரியவர், எங்கே வாங்கினீர்கள் தம்பி, இவ்வளவு நேராக இருக்கிறதே என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியும். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

"கடையில வாங்கலைங்க" என்றான் பெனி, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "எங்க அம்மா செஞ்சது. கெமிஸ்ட்ரி லேப்ல இருக்காங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் ஏற்றினோம். அவன் பிடித்துக்கொள்ள, நான் பற்றவைத்தேன். கரி தொங்கவில்லை, புகையவில்லை, சுடர் நேராக நின்றது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். "ரொம்ப மெதுவா எரியுதும்மா, முழுசும் எரிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டான். கணக்குப் போட்டுச் சொன்னேன். அவ்வளவு நேரம் நிற்க முடியாது, வாருங்கள், பசிக்கிறது என்றான்.

மீன் குழம்புச் சாப்பாடு. என் இலையில் இருந்த வறுத்த துண்டை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை எனக்கு வைத்தான். அதில் முள் குறைவாம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

விமானத்தில் உட்கார்ந்துவிட்டதாகப் போன் செய்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ சாப்பிட்டியா என்று கேட்டான். 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது.

சாயங்காலம் கடைவீதிக்குப் போய் மறுபடி மூன்று கிலோ மெழுகு வாங்கினேன். தொழில் எப்படிப் போகிறது என்று கடைக்காரர் கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன்.

ஆர். பெனிட்டோ. உயரம்: 174 செ.மீ., செருப்பில்லாமல்.
அளந்தது: அம்மா.